அஸ்வினின் 537 விக்கெட்: உண்மையான மதிப்பை எப்படி அளப்பது?

2025 ஜூலை 6. திண்டுக்கல்லில் நடந்த டி.என்.பி.எல். இறுதிப் போட்டியில், திருப்பூர் தமிழன்ஸ் அணி 118 ரன் வித்தியாசத்தில் திண்டுக்கல் டிராகன்ஸை நசுக்கி முதல் கோப்பையைத் தூக்கியது. தோற்ற அணியின் கேப்டன், ரவிச்சந்திரன் அஸ்வின். திருப்பூர் ரசிகர்களுக்கு அன்று இரட்டைச் சந்தோஷம். ஜெயித்தது சொந்த ஊர் அணி, வீழ்ந்தது பெரிய தலை.

அந்தத் தலை எவ்வளவு பெரியது என்பதில்தான் சண்டை. 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஓய்வை அறிவித்தபோது அஸ்வினின் கணக்கு: 106 டெஸ்ட், 537 விக்கெட், சராசரி 24. "537 சும்மா வருமா?" என்று ஒரு தரப்பு. "சுழலும் பிட்ச் போட்டுக் கொடுத்தா யார் வேணாலும் எடுப்பாங்க" என்று இன்னொரு தரப்பு. இரண்டு பேருமே தப்பான எண்ணைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள்.

இதே சண்டை கூடைப்பந்தில் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் கரீம் அப்துல் ஜப்பார் எடுத்த 38,387 புள்ளிகள்தான் பல காலம் உச்சம். 2023 பிப்ரவரியில் லெப்ரான் ஜேம்ஸ் அதைத் தாண்டினார். ஆனால், மொத்தப் புள்ளி என்பது நீண்ட காலம் ஆடியதற்கும் சேர்த்துக் கிடைக்கும் கூலி. அதனால் புள்ளியியல்காரர்கள் கேள்வியையே மாற்றினார்கள். 'இவர் எவ்வளவு எடுத்தார்?' என்பதை விட்டுவிட்டு, 'இவர் இடத்தில் சுலபமாகக் கிடைக்கும் ஒரு சாதாரண ஆட்டக்காரர் இருந்திருந்தால் அணி எவ்வளவு இழந்திருக்கும்?' என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்த அளவுகோல்களில் ஒன்றுதான் 'வோர்ப்'. மாற்று ஆளை விட ஒருவர் தரும் கூடுதல் பங்களிப்பை, அவர் ஆடிய நேரத்தோடு பெருக்கிச் சொல்லும் எண் அது.

லீவு போட்ட டெய்லர்

புரியவில்லையா? ஒரு பனியன் கம்பெனி லைனுக்குள் போய்ப் பார்க்கலாம்.

ஓவர்லாக் மெஷினில் ஒருவர் ஒரு ஷிப்டில் 720 பீஸ் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டெய்லரா? தெரியாது. அந்த வேலைக்கு நிர்ணயித்த நேரம், அதாவது ஐ.இ. ஆட்கள் சொல்லும் 'எஸ்.ஏ.எம்.', அரை நிமிடம் என்றால் 480 நிமிடத்தில் 960 பீஸ் வரணும். அப்போ இவர் 75 சதவீதம்தான். அதுவே ஒரு நிமிட வேலை என்றால் 480 பீஸ் போதும், இவர் 150 சதவீதம். ஒரே 720, இரண்டு ஆட்கள். என்ன துணி, என்ன வேலை என்று தெரியாமல் எண்ணிக்கைக்கு அர்த்தமே கிடையாது. கிரிக்கெட்டில் அந்தத் துணிதான் பிட்ச்.

அடுத்து, அந்த டெய்லர் ஒருநாள் லீவு. சூப்பர்வைசர் ஒரு ஹெல்பரைப் பிடித்து மெஷினில் உட்கார வைக்கிறார், 400 பீஸ் வருகிறது. அப்படியானால் கம்பெனிக்கு டெய்லரின் கூடுதல் மதிப்பு 720 இல்லை, 320. பக்கத்து லைனில் சும்மா இருந்த நல்ல டெய்லர் வந்து 650 தைத்துவிட்டாலோ, மதிப்பு வெறும் 70. ஆள் அதே ஆள், திறமையும் அதே திறமை. மாற்று ஆள் யார் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது. கொஞ்சம் கொடூரமான கணக்குதான்.

இனி அஸ்வின்

இந்தியாவில் ஆடிய 65 டெஸ்ட்டில் அவர் எடுத்தது 383 விக்கெட், சராசரி 21.57. வெளியே 41 டெஸ்ட்டில் 154 விக்கெட், சராசரி சுமார் 30. விமர்சகர்கள் கையில் எடுக்கும் ஆயுதம் இந்த வித்தியாசம்தான். அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. 2021-ல் இங்கிலாந்து வந்தபோது அறிமுகமான அக்சர் படேல் 3 டெஸ்ட்டில் 27 விக்கெட்டை 10.59 சராசரியில் அள்ளினார். அதாவது, பக்கத்து லைனிலேயே 650 பீஸ் தைக்கிற ஆள் தயாராக இருந்தார். பந்துவீச்சை மட்டும் வைத்துப் பார்த்தால், உள்ளூரில் அஸ்வினின் கூடுதல் மதிப்பு 383 என்ற எண் காட்டுவதை விடக் குறைவுதான்.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. அக்சர் அறிமுகமான அதே சேப்பாக்கம் டெஸ்ட்டில், இங்கிலாந்து 134, 164 என்று இரண்டு முறை சுருண்டது. அந்தப் பிட்ச்சில் அஸ்வின் 8 விக்கெட் எடுத்தார், கூடவே இரண்டாவது இன்னிங்ஸில் 106 ரன் அடித்தார். எட்டாவது ஆளாக வந்த ஒரு பந்துவீச்சாளர்! மொத்தம் 3,503 ரன், 6 சதம். மாற்று ஸ்பின்னரிடம் விக்கெட் கிடைக்கலாம், இந்த ரன்னும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

இன்னொன்று, நேரம். 2013 முதல் 2024 வரை இந்தியா சொந்த மண்ணில் தொடர்ச்சியாக 18 டெஸ்ட் தொடர்களை வென்றது. அவை எல்லாவற்றிலும் அஸ்வின் இருந்தார். ஒரு தொடரில் 27 விக்கெட் எடுப்பது வேறு, 12 வருஷம் மெஷினை நிற்கவிடாமல் ஓட்டுவது வேறு.

கணக்கில் ஏறாத 128 பந்து

எந்த அளவுகோலுக்கும் ஓட்டை உண்டு. 2021 ஜனவரி, சிட்னி. முதுகு வலியோடு அஸ்வின், தொடைத்தசை பிடித்துக்கொண்ட ஹனுமா விஹாரி. இருவரும் 40 ஓவருக்கு மேல் தாக்குப்பிடித்து டெஸ்ட்டை டிரா செய்தார்கள். ஸ்கோர்கார்டில் அஸ்வினுக்கு 39 நாட் அவுட், அவ்வளவுதான். அவர் தின்ற 128 பந்துக்கு சராசரியில் ஒரு மதிப்பும் இல்லை. கூடைப்பந்திலும் இப்படி ஒருவர் உண்டு. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் ஷேன் பேட்டியர் அதிகம் புள்ளி எடுக்க மாட்டார், ஆனால் அவர் களத்தில் இருக்கும்போது அணி நன்றாக ஆடும். அதைப் பிடிக்கத்தான் 'பிளஸ்-மைனஸ்' என்ற அளவு வந்தது: ஒருவர் உள்ளே இருக்கும்போது அணி எத்தனை புள்ளி முன்னே போகிறது, எத்தனை பின்னே போகிறது என்ற எளிய கழித்தல் கணக்கு. கிரிக்கெட்டில் பொதுவாக அதே 11 பேர்தான் ஆட்டம் முழுவதும் ஆடுவதால் அதை அப்படியே கொண்டுவர முடியாது.

ஓவலில் நடந்தது என்ன?

இந்தக் கணக்கெல்லாம் ரசிகர்கள் பொழுதுபோக்குக்கு மட்டும் இல்லை. 2023 ஜூன், லண்டன் ஓவல், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. ஐ.சி.சி. தரவரிசையில் அப்போது நம்பர் 1 டெஸ்ட் பந்துவீச்சாளர் அஸ்வின். அவர் வெளியே. ஜடேஜாவோடு நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள் உள்ளே. இங்கிலாந்து பிட்ச், மேகமூட்டம் என்று காரணம் சொல்லப்பட்டது. வெளிநாட்டுச் சராசரி 30 என்பதை மட்டும் பார்த்தால் நியாயமான முடிவாகக்கூடத் தோன்றும்.

ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'அவர் இடத்தில் வரும் நான்காவது வேகப்பந்து வீச்சாளர் எவ்வளவு தருவார்?' என்பது. ஆஸ்திரேலியாவின் முதல் ஏழு பேரில் வார்னர், கவாஜா, டிராவிஸ் ஹெட், அலெக்ஸ் கேரி என நான்கு இடது கை பேட்ஸ்மேன்கள். டெஸ்ட் வரலாற்றிலேயே இடது கை பேட்ஸ்மேன்களை அதிகமுறை வீழ்த்தியவர் அஸ்வின், ஓய்வு பெறும்போது அந்த எண்ணிக்கை 268. முதல் இன்னிங்ஸில் உமேஷ் யாதவ் 77 ரன் கொடுத்தார், விக்கெட் இல்லை. ஹெட் 163 ரன் குவித்தார். இந்தியா 209 ரன்னில் தோற்றது. அஸ்வின் அன்று பெவிலியனில் இருந்தார்.