சாவடிக்கு அப்பால் ஒரு கார்

மேற்குக் கரைப் பாலஸ்தீனர்களின் வண்டிகளுக்கு வெள்ளை நம்பர் பிளேட், பச்சை எழுத்து. அந்த வண்டிகள் இஸ்ரேலுக்குள் போக முடியாது. உள்ளே ஓடுபவை மஞ்சள் பிளேட் வண்டிகள்தான். ஹெப்ரான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டால், டெல் அவீவை அடுத்துள்ள ஷீபா மருத்துவமனைவரை போக வேண்டியிருக்கலாம். அதற்குப் பாலஸ்தீன சுகாதார அமைச்சகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், இஸ்ரேலின் அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டும் கையில் இருந்தாலும் தர்கூமியா சோதனைச்சாவடியை நடந்துதான் கடக்க வேண்டும். கடந்தபின் டாக்ஸி. போக வர ஆகும் வாடகை கூலி வேலை செய்கிற குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. கீமோவுக்கோ திரும்பத் திரும்பப் போயாக வேண்டும்.

யுவல் ரோத் என்ற இஸ்ரேலியர் தச்சு வேலை தெரிந்தவர். அவருடைய சகோதரர் உடியை 1993-ல் ஹமாஸ்காரர்கள் கடத்திக் கொன்றார்கள். பின்னாளில் அவர், இரு தரப்பிலும் பிள்ளையை, உடன்பிறப்பைப் பறிகொடுத்த குடும்பங்கள் கூடும் அமைப்பில் சேர்ந்தார். அங்கே பழக்கமான பாலஸ்தீனர் ஒருவர், நோயாளியான தன் சகோதரரைச் சாவடியிலிருந்து ஹைஃபா மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். ரோத் கொண்டுபோனார். அடுத்து இன்னொருவர் கேட்டார், பிறகு இன்னொருவர். நண்பர்களும் தங்கள் கார்களோடு வந்தார்கள். 2010-ல் ‘குணமாகும் பாதை’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து முறைப்படி அமைப்பாகப் பதிந்தார்கள்.

ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். விடிவதற்கு முன்பே சாவடி வாசலில் காரோடு நிற்பார்கள். பிள்ளையோடு வருவது பல நேரம் பாட்டிதான், ஏனென்றால் இளவயது அப்பாக்களுக்குப் பாதுகாப்புக் காரணம் சொல்லி அனுமதி மறுப்பது வழக்கம். ஓட்டுகிறவருக்கு அரபி தெரியாது, பாட்டிக்கு ஹீப்ரு தெரியாது. பல பிள்ளைகளுக்கு, சீருடையும் துப்பாக்கியும் இல்லாத இஸ்ரேலியர் ஒருவரைப் பார்ப்பதே அன்றுதான் முதல் தடவை. ஸ்கேன் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கிய ஹமாஸ் இவர்களையும் விட்டுவைக்கவில்லை. காஸா நோயாளிகளை, எல்லையில் உள்ள எரெஸ் வாசலிலிருந்து அழைத்துப்போய்க்கொண்டிருந்த விவியன் சில்வர், பேரி கிபுட்ஸில் (கூட்டுப்பண்ணைக் கிராமத்தில்) தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். வயது 74. அதற்கு மூன்று நாள் முன்புதான் இஸ்ரேலியப் பெண்களும் பாலஸ்தீனப் பெண்களும் சேர்ந்து சமாதானம் கேட்டு நடத்திய கூட்டத்தில் கலந்துகொண்டிருந்தார். அதே வேலையைச் செய்துவந்த நிர் ஓஸ் கிபுட்ஸின் ஓடெட் லிஃப்ஷிட்ஸ், 83 வயதில் பிணைக்கைதியாகப் போனார். 2025 பிப்ரவரியில் உடல்தான் திரும்பி வந்தது.

‘பார்த்தீர்களா, நல்லது செய்து என்ன கண்டார்கள்’ என்ற பேச்சை அதன்பின் நிறையக் கேட்டோம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. விவியனின் மகன் தன் வேலையை விட்டுவிட்டு அம்மாவின் சமாதானப் பணியில் இறங்கினார். மேற்குக் கரைச் சாவடிகளுக்குக் கார்கள் மறுபடியும் வந்தன. சமாதானத்துக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை என்று இரண்டு தரப்பிலும் சொல்கிறார்கள். அந்தச் சாவடி வாசலில் அரைமணி நேரம் நின்றவர்களால் அப்படிச் சொல்ல முடியாது.

ஆனால் இந்த நல்ல மனிதர்களைக் காட்டி நடப்பதை மறைத்துவிடக் கூடாது. பாலஸ்தீனக் குழந்தை மருத்துவமனைக்குப் போவது ஒரு இஸ்ரேலியரின் இரக்கத்தை நம்பி இருக்கிறது என்பதே அநீதி. அக்டோபர் 7-க்குப் பின் இஸ்ரேல் தொடுத்த போரில் காஸாவை அந்த இரக்கமும் எட்டவில்லை. 2025 மார்ச் 2 முதல் சுமார் 11 வாரம் உணவும் மருந்தும் உள்ளே போக இஸ்ரேல் விடவில்லை. ஐ.நா. ஏற்பாட்டில் சுமார் 400 இடங்களில் நடந்த விநியோகத்துக்குப் பதில், ராணுவக் காவலோடு நான்கே இடங்களில் புதிய விநியோகம் தொடங்கியது. மாவு வாங்கப் போன நூற்றுக்கணக்கானோர் சுடப்பட்டு இறந்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று, காஸா நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பஞ்சம் பீடித்துவிட்டதாகச் சர்வதேச உணவு நிபுணர் குழு அறிவித்தது. போரில் இறந்தோர் 70,000-ஐத் தாண்டிவிட்டார்கள் என்கிறது காஸா சுகாதாரத் துறை. பிணைக்கைதிகளுக்காக ஒரு இனத்தையே பட்டினி போடுவதும், ஒரு இனத்தின் விடுதலைக்காக 74 வயது மூதாட்டியைக் கொல்வதும் எந்த நியாயத்திலும் சேராது.

2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் வந்தது. எல்லை, அகதிகள், ஜெருசலேம், மேற்குக் கரையில் பெருகிக்கொண்டே போகும் யூதக் குடியேற்றங்கள் என்று பேசித் தீர்க்க வேண்டியவை மலையாக இருக்கின்றன. அதற்கெல்லாம் நாளாகும். இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிழக்கு ஜெருசலேமில் அகஸ்டா விக்டோரியா, மகாஸெத் என்று பாலஸ்தீனர்களுக்கான மருத்துவமனைகள் இருக்கின்றன. காஸா நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். போருக்கு முன் காஸாவின் புற்றுநோயாளிகள் பலர் அங்கேதான் போனார்கள். போர் தொடங்கியதும் அந்த வழியை இஸ்ரேல் அடைத்துவிட்டது. வெளியே சிகிச்சைக்குப் போகக் காத்திருப்பவர்கள் 10,000-க்கும் மேல். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் குழந்தைகள். வழியைத் திறந்துவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. திறக்க ஒப்பந்தமும் மாநாடும் தேவையில்லை, இஸ்ரேல் அரசின் ஒரு உத்தரவு போதும். நோயாளிகளை ஏற்றிப் போக, தங்கள் கார்களோடு வரக்கூடிய இஸ்ரேலியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.