துயரத்தைக் கேட்டது போதும், தொழிலைக் கேளுங்கள்

கண்டியில் நடைபெறும் நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். நூலாசிரியர் பாடசாலை ஆசிரியராகவோ விரிவுரையாளராகவோ இருந்தால், பேச்சாளர்கள் அவரைப் 'படைப்பாளி' என்று அழைப்பார்கள். அவரே தேயிலை ஆலையிலோ மோட்டார்ப் பட்டறையிலோ ரயில் பகுதியிலோ ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வுபெற்றவராக இருந்தால், 'இத்துறையைச் சாராதவராக இருந்தும் எழுதியிருக்கிறார்' என்பார்கள். பொன்னாடையும் போர்த்துவார்கள். அந்த 'இருந்தும்' என்ற சொல்லுக்குள் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது. பாராட்டு என்ற உறையில் வருவதால் அதை யாரும் கவனிப்பதில்லை. இன்று அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நாவல் எழுத மொழிப்பயிற்சி வேண்டும், வாசிப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றுக்கும் முன்னதாக ஒன்று வேண்டும். எழுதுபவர் இந்த உலகத்தின் ஏதேனும் ஒரு மூலையை ஐயந்திரிபற அறிந்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் ஓர் இயந்திரத்தின் அருகே நின்றவரிடம் அந்த அறிவு இருக்கிறது. மொழியைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். அறிவை அப்படிச் சேர்ப்பது எளிதன்று.

சான்றுக்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. காரல் முல்லர் 1935 இல் கண்டியில் பிறந்த பறங்கியர். கடற்படையில் சமிக்ஞையாளராக இருந்தார். இராணுவத்திலும் கொழும்புத் துறைமுகத்திலும் பணியாற்றினார். பின்னர் விளம்பரத்துறை, பத்திரிகைத்துறை என்று அலைந்தார். அவருடைய தந்தை ரயில் எஞ்சின் சாரதி. முல்லரின் 'ஜாம் ஃப்ரூட் ட்ரீ' 1993 இல் வெளிவந்தபோது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மைக்கேல் ஒண்டாச்சி தம் புக்கர் பரிசுப் பணத்தில் நிறுவிய கிரேஷியன் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பகிர்ந்து பெற்ற நூல் அது. அடுத்த ஆண்டே 'யகட யகா' வந்தது. சிங்களத்தில் இரும்புப் பேய் என்று பொருள். நீராவி எஞ்சினுக்கு மக்கள் சூட்டிய பெயர். எஞ்சின் சாரதிகளின் குடியும் கும்மாளமும் வேலைத்திறனும் அந்த நாவலில் நிறைந்திருக்கின்றன. 2019 இல் மறையும்வரை அவர் கண்டிக்காரராகவே இருந்தார்.

'முல்லர் பத்திரிகையாளராக இருந்தவர், அதனால் எழுத முடிந்தது' என்று சிலர் சொல்லக்கூடும். பத்திரிகைத்தொழில் அவருக்கு வேகத்தையும் துணிவையும் கொடுத்திருக்கலாம். நானும் அதே தொழிலில் இருந்தவன். அது எவ்வளவு தரும், எங்கே நின்றுவிடும் என்பதை அறிவேன். கடுகண்ணாவைக் கணவாயில், நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி ஏறும் பாதையில், எஞ்சினை மேலேற்றும் சாரதியின் உடல் என்ன செய்கிறது என்பதை எந்த ஆசிரியபீடமும் கற்றுத்தராது. அது தண்டவாளத்தின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் தெரியும்.

இனித் தமிழுக்கு வருவோம். கண்டி ரயில் 1867 இல் வந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். அன்றிலிருந்து இந்த மலைகளில் கைத்திறனும் இயந்திரமும் தமிழ்க் கரங்களோடு கலந்தே வாழ்ந்திருக்கின்றன. அந்த வாழ்வு நம் நாவலில் எந்த அளவுக்கு வந்திருக்கிறது?

மலையக நாவலைக் கட்டியெழுப்பியவர்களை நான் வணங்குகிறேன். 'வீடற்றவன்' எழுதிய சி.வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கத்திலிருந்து வந்தார். 'குருதிமலை' எழுதிய தி. ஞானசேகரன் தோட்ட வைத்தியராக இருந்தவர். 2000 ஆம் ஆண்டு கண்டியிலிருந்து 'ஞானம்' சஞ்சிகையைத் தொடங்கியவர். ஆசிரியர்கள் பலர் எழுதினார்கள். இவர்கள் இல்லையென்றால் மலையகத்துக்கு இலக்கியமே இல்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மலையக நாவல் என்றதும் நம் மனத்தில் எழுவது லயமும் கொழுந்துக் கூடையும் பிரட்டுக்களமும். தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று அழைக்கும் ஆலை தூரத்தில் ஒரு புகைபோக்கியாகவே நிற்கிறது. அதன் உள்ளே செல்லும் கதவை நாம் யாரையும் திறக்கச் சொல்லவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது? மாலையில் வந்த கொழுந்து இரவு முழுவதும் வாட்டும் தொட்டிகளில் கிடக்கிறது. மழை நாளில் அது வாட எடுக்கும் நேரம் வேறு. காற்று வீசும் நாளில் வேறு. பிறகு ரோலர், புளிக்க வைக்கும் மேசை, அடுப்பு, சல்லடை. எப்போது நிறுத்துவது என்பதே டீமேக்கரின் வித்தை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நள்ளிரவு தாண்டி அவர் அரை மணி நேரம் கண்ணயர்ந்தால், முந்திய நாள் நூறு பெண்கள் மழையில் நனைந்து கிள்ளியது முழுவதும் கொழும்பு ஏலத்தில் விலைபோகாத சரக்காகிவிடும். காலையில் துரைக்கு அவர் பதில் சொல்லவேண்டும். அந்தப் பெண்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஹந்தானைப் பக்கத்தில் வாழும் ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர் தம் கையெழுத்துப் பிரதியை என்னிடம் காட்டினார். ஒரு பதிப்பகத்தார் அதைப் படித்துவிட்டு, ஆலைச் சொற்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். 'வாசகருக்குப் புரியாது' என்று ஓரத்தில் எழுதி, 'தொழிலாளர் படும் துன்பத்தைக் கூட்டவும்' என்று ஆலோசனையும் தந்திருந்தார்கள். அவர் என்னிடம் சொன்னது: "ஐயா, எலை பதத்துக்கு வந்திருச்சான்னு என் மூக்கு சொல்லும். அந்த மூக்கத்தான் வெட்டச் சொல்றாங்க."

இந்தச் சிவப்பு மை ஒரு பதிப்பகத்துக்கு மட்டும் உரியதன்று. நம் இலக்கிய உலகத்தின் மனப்பான்மையே அது. கைத்தொழிலாளி எழுத வந்தால் அவரிடம் நாம் துயரத்தைக் கேட்கிறோம், பசியைக் கேட்கிறோம், வாக்குமூலத்தைக் கேட்கிறோம். தொழிலைக் கேட்பதில்லை. அறிவு நமக்கு, அனுபவம் அவர்களுக்கு என்று பாகம் பிரித்து வைத்திருக்கிறோம்.

மறைந்த சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலை அதிகாரியாக இருந்தவர். கோ. நடேசய்யரையும் சி.வி.யையும் பற்றி அவர் எழுதிய நூல்கள் மலையக ஆய்வுக்கு அடித்தளம். அவரிடம் வரலாற்றைக் கேட்டோம், தந்தார். ஆலையைக் கேட்டோமா? யாழ்ப்பாணத்தில் கராஜ் நடத்திய கே. டானியல் 'பஞ்சமர்' எழுதினார். சாதிக்கொடுமை கண்முன்னே எரிந்துகொண்டிருந்தபோது அவர் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் இரும்பையும் நெருப்பையும் அவ்வளவு அறிந்த ஒருவரின் பட்டறை நமக்கு நாவலாகக் கிடைக்கவில்லை என்பதும் இழப்புத்தான்.

துயரத்தைக் குறைத்து எழுது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். துயரத்தை ப்ரீமோ லெவியைவிட அறிந்தவர் யார்? அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து மீண்டவர். பின்னர் இத்தாலியின் தூரின் நகருக்கு அருகே வர்ணப்பூச்சு ஆலையில் பல்லாண்டுகள் இரசாயனவியலாளராக உழைத்தார். அங்கிருந்து ஓய்வுபெற்றபின் 1978 இல் அவர் வெளியிட்ட நூலின் நாயகன், நாடு நாடாகச் சென்று கிரேன்களையும் பாலங்களையும் பொருத்தும் தொழிலாளி. தன் வேலையை நேசிப்பவன். மனிதனை வெறும் கையாக்கிய முகாமைக் கண்டவருக்கு, வேலைத்திறன் என்பது மானத்தின் மறுபெயர் என்று தோன்றியதில் வியப்பில்லை. தமிழிலும் வழி திறந்திருக்கிறது. விருத்தாசலத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை செய்த கண்மணி குணசேகரன், ஓட்டுநரும் நடத்துநரும் மெக்கானிக்கும் உலவும் 'நெடுஞ்சாலை'யை எழுதினார். அவர் ஓய்வுக்காகவும் காத்திருக்கவில்லை. பணிமனைச் சொல் புரியாமல் யாரும் அந்த நாவலை மூடி வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. ஓய்வுபெற்றபின் எழுத அமரும் நண்பர்களுக்கும் சொல்கிறேன். கனடாவிலோ இலண்டனிலோ பாரிஸிலோ முப்பது ஆண்டுகள் இயந்திரத்தோடும் அடுப்போடும் டாக்ஸியோடும் வாழ்ந்தவர், பேனாவை எடுத்ததும் ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் பனங்காணிக்கும் ஓடிவிடுகிறார். இளமையில் பதினைந்து ஆண்டு வாழ்ந்த ஊர் இலக்கியம். முப்பது ஆண்டு நின்ற தொழிற்கூடம் வெறும் பிழைப்பு! இப்படிப் பிரிக்க உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஊரை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கை அறிந்ததை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

2023 இல் 'மலையகம் 200' என்று ஊரெங்கும் நினைவுகூர்ந்தோம். இருநூறு ஆண்டுத் துன்பம் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதே. ஆனால் துன்பத்தால் மட்டும் அறியப்படும் மக்களுக்கு உலகம் இரக்கம் காட்டும், மதிப்புத் தராது. இந்த நாட்டின் பெயரை உலகச் சந்தையில் நிறுத்திய சரக்கைத் தயாரிக்கத் தெரிந்தவர்கள் என்ற மதிப்பு அவர்களுக்கு உரியது. ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்ட பழைய ஆலை இப்போது தேயிலை அருங்காட்சியகம். ரோலர்களும் எஞ்சின்களும் துடைத்து மெருகூட்டி வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே இரவு முழுவதும் விழித்து நின்ற மனிதர் என்ன நினைத்தார் என்பதை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் வைக்க முடியாது. அதற்கு நாவல்தான் வேண்டும்.

அந்த மனிதர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். பதிப்பாளர்களே, அவர்களுடைய சொற்களை அடிக்காதீர்கள். பரிசுக்குழுவினரே, 'தொழிலாளர் எழுத்து' என்று தனிப் பந்தி விரிக்காதீர்கள். உங்கள் ஊரில் ஒரு டீமேக்கரோ மெக்கானிக்கோ எஞ்சின் சாரதியோ இருந்தால், ஒரு கொப்பியையும் பேனாவையும் கொண்டுபோய்க் கொடுத்து, 'ஐயா, உங்கள் வேலையைச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். கேட்பதற்கு இன்னும் அதிக காலம் இல்லை.