லயத்துக் காய்கறித் தோட்டத்துக்கு யார் காவல்?

மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில், லயத்தை ஒட்டிய துண்டு நிலத்தில் பீன்ஸும் முள்ளங்கியும் கோசும் போட்டு வளர்க்கும் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். காய்கறி விற்கிற விலைக்கு, தினக்கூலிக்காரருக்கு அது பெரிய ஆதரவு. பகலெல்லாம் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, பொழுது சாயும் முன் பெண்கள் மண்ணைக் கொத்தி, தண்ணீர் சுமந்து வளர்த்த செடிகள் அவை. ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. பன்றி வராத இடத்தில் காட்டெருமை மேய்கிறது. யானை வந்தால் வாழையும் போயிற்று, வேலியும் போயிற்று.

"நாலு பீன்ஸ் கொடிக்கு இத்தனை கூச்சலா?" என்று சிலர் கேட்கலாம். அது நாலு கொடி அல்ல. குடும்பத்தின் மாதச் செலவில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய ஆபத்து, நஷ்டப்பட்டவன் ஆத்திரத்தில் செய்கிற காரியம். வீட்டு மின்சாரத்திலிருந்து கம்பி இழுத்து வேலியில் விடுகிறார்கள். இது சட்டப்படி குற்றம். குற்றம் ஒருபுறமிருக்க, இருட்டில் அந்தக் கம்பியைப் பன்றிதான் மிதிக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? வைத்தவனே பலியான செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

அவுட்டுக்காயும் அப்படித்தான். 2020-ம் ஆண்டு மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில், வெடிமருந்து வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஒன்று, வெள்ளியாற்றில் இறங்கி நின்றபடியே உயிரை விட்டது. அது யானைக்கு வைத்ததல்ல, பன்றிக்கு வைத்தது என்றே சொல்லப்பட்டது. லயத்துக் குழந்தைகளும் அந்தப் புதர்களின் பக்கத்தில்தானே விளையாடுகின்றன?

சர்க்கார் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை 2022 மே மாதம் ஊராட்சித் தலைவர்களுக்கே கேரள அரசு கொடுத்தது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் லைசென்ஸ் துப்பாக்கிக்காரர் எல்லா ஊரிலும் கிடைப்பாரா? வரிசை வீடுகளுக்கு நடுவே சுடத்தான் முடியுமா? காட்டெருமைக்கும் யானைக்கும் அந்த உத்தரவு பொருந்தவும் பொருந்தாது. துப்பாக்கியை நம்பித் தோட்டம் போட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

வேலிதான் வழி. வீட்டுக்கு வீடு பழைய சேலையும் தகரமும் கட்டுகிற வேலி அல்ல. ஒரு லயத்துத் தோட்டங்கள் அனைத்தையும் வளைத்து ஒரே சோலார் வேலி. அதற்கென உள்ள கருவி, பாட்டரி மின்சாரத்தைக் கண் இமைக்கும் நேரம் மட்டும் விட்டு விட்டுக் கம்பியில் அனுப்பும். மிருகம் அதிர்ந்து ஓடும், சாகாது. பன்றியைத் தடுக்கக் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. கம்பியில் புல் படாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். போட்டுவிட்டுக் கவனிக்காமல் விட்டு வீணான வேலிகள் உண்டு. அந்த வேலையை லயத்தார் முறை வைத்துச் செய்யலாம்.

செலவு யாருடையது? நிலம் கம்பெனியுடையது, உழைப்பு மட்டுமே தொழிலாளியுடையது. எஸ்டேட் நிர்வாகமும் ஊராட்சியும்தான் பகிர்ந்து ஏற்க வேண்டும். போனஸுக்குப் பேசுகிற தொழிற்சங்கங்கள் இதையும் ஒரு கோரிக்கையாக வைப்பதில் என்ன தடை?

நம் பக்கமும் ஒரு குறை உண்டு. காய்கறிக் கழிவை வாசலுக்கு வெளியே கொட்டுவது, மிருகத்துக்கு இலை போட்டு அழைப்பதற்குச் சமம். 'படையப்பா' என்று பெயர் பெற்ற யானை, மூணாறு கல்லாறில் சேரும் காய்கறிக் கழிவைத் தின்று பழகியது ஊரறிந்த விஷயம். கழிவைக் குழி வெட்டி மூடினாலே பாதி வருகை குறையும்.

வனவிலங்கு சேதத்துக்கு நஷ்டஈடு வழங்கக் கேரளத்தில் 1980-ம் ஆண்டிலேயே விதிகள் வந்துவிட்டன. பட்டா இல்லை, மலையாளம் எழுத வராது என்று நம்மவர் பலர் மனுவே போடுவதில்லை. தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையை 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தந்தது. பட்டா இல்லாதவருக்கும் நஷ்டஈடு கேட்டுப் போராடுவதென்றால், அதற்கும் முதலில் கையில் மனு இருக்க வேண்டும்.

எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்குகள் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். எந்த லயம், எந்தத் தேதி, என்ன பயிர், எவ்வளவு சேதம் என்று குடும்பத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். காட்டு இலாகாவுக்கு அதைக் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.