முதலில் கேட்க வேண்டிய கேள்வி



ஒரு நாள் இஷாவுக்குப் பின், என்னிடம் ஓதும் பிள்ளையொன்றின் உம்மும்மா வீட்டுக்கு வந்தார். மகளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. இரண்டு நாளாக இரத்தம் நிற்கவில்லை. "மௌலவி, இது நிபாஸா? அவ தொழலாமா?" என்பதே அவரது கேள்வி. சதைக்கட்டி வெளியான பின் வரும் இரத்தம் ஷாபிஈ மத்ஹபில் நிபாஸ்தான், அது நிற்கும்வரை தொழுகை இல்லை என்று கிதாபில் உள்ளதைச் சொல்லி அனுப்பிவிட்டேன். என் மனைவிதான் உள்ளேயிருந்து கேட்டாள்: "ரெண்டு நாளா ரத்தம் போற புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களாண்டு நீங்க கேக்கல்லியா?"

வெட்கத்தோடு எழுந்து ஓடினேன். கொண்டு போகவில்லைதான். ஆஸ்பத்திரியில் பொலிசுக்குச் சொல்வார்கள் என்று பயம். வாட்டில் ஆண் டொக்டர் இருப்பார் என்று கூச்சம். அன்றிரவே முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சென்றோம். கர்ப்பப்பையில் மிஞ்சியிருந்ததை எடுத்து, இரண்டு பைன்ட் இரத்தமும் ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டாள்.

சகோதரிகளே! அந்தப் பயம் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவிலிருந்து வருகிறது. 1883ஆம் ஆண்டுச் சட்டம் அது. தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு அன்றி, வேண்டுமென்றே கருவைக் கலைத்தால் மூன்று வருடம் வரை சிறை. வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கிய பின்னராயின் ஏழு வருடம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடங்குவாள். ஆனால் 'வேண்டுமென்றே' என்ற சொல்லைக் கவனியுங்கள். தானாகக் கலைந்த கரு குற்றமே அல்ல. எப்படிக் கலைந்திருந்தாலும் அதன் பின் சிகிச்சை பெறுவதும் குற்றமல்ல. கருச்சிதைவுக்குப் பிந்திய பராமரிப்புக்கென்றே சுகாதார அமைச்சு 2015இல் வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசும் இல்லை. ஆண் டொக்டர் என்ற கூச்சத்துக்கு மார்க்கத்தில் பதில் உண்டு: பெண் வைத்தியர் கிடைக்காத நிர்ப்பந்தத்தில் அவர் பார்ப்பதை புகஹாக்கள் அனுமதித்திருக்கிறார்கள்.

கருவைக் கலைக்கலாமா என்பது வேறு விடயம். இமாம் கஸ்ஸாலி அவர்கள் கரு தரித்த நாளிலிருந்தே அதைக் குற்றமெனக் கண்டார்கள். கரு வளர வளரக் குற்றமும் வளரும் என்றார்கள். என் மனமும் அதன் பக்கமே. ஹனபி இமாம்களில் சிலர் ரூஹ் ஊதப்படும் 120 நாட்களுக்கு முன் தகுந்த காரணத்துக்கு இடம் கொடுத்தார்கள். மடியில் பால்குடிப் பிள்ளை இருக்கையில் கரு தரித்துத் தாய்ப்பால் வற்றிவிட, செவிலித்தாய் அமர்த்த வசதியில்லாத தகப்பனின் நிலையைக்கூட அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். தாயின் உயிருக்கே ஆபத்தென்றால், தாய் மூலம், சிசு அதன் கிளை. மூலத்தைக் காக்க வேண்டும் என்பது அஸ்ஹரின் ஷெய்க் ஷல்தூத் அவர்களின் விளக்கம். அந்த இடத்தில் நாட்டுச் சட்டமும் மார்க்கமும் ஒன்றாகவே நிற்கின்றன.

வயிற்றுப் பிள்ளைக்குப் பெரிய குறை உண்டென்று அறிந்த தாய்மாரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 1990இல் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹ் சபை, குணப்படுத்த முடியாத பாரதூரமான குறையை நம்பகமான வைத்தியர் குழு உறுதிப்படுத்தி, பெற்றோரும் வேண்டினால், 120 நாட்களுக்கு முன் கலைக்கலாம் என்றது. ஆனால் அத்தகைய குறைகள் பெரும்பாலும் ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் தெரியவரும். அதற்குள் நாள் கடந்திருக்கும். நம் நாட்டுச் சட்டத்திலோ அதற்கு எந்த மாதத்திலும் இடமில்லை. பாலியல் வல்லுறவுக்கு ஆளான சிறுமிக்கும் இல்லை. 1995இல் பாராளுமன்றத்துக்கு வந்த திருத்தத்திலிருந்து அந்தப் பகுதி நீக்கப்பட்டது. 2017இல் எடுத்த முயற்சியும் சமயத் தலைவர்களின் எதிர்ப்போடு நின்றுபோனது. அந்தச் சிறுமியின் விடயத்திலாவது உலமாக்கள் நாம் இன்னும் உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

யாரோ கொடுத்த குளிசையை இரகசியமாக விழுங்கியவளும் நம் வீடுகளில் இருப்பாள். அவள் செய்தது பாவமென்றால் தௌபாவின் கதவு திறந்திருக்கிறது. இரத்தம் வடிந்து சாகட்டும் என்று எந்த இமாமும் சொல்லவில்லை. துணி நனைந்துகொண்டே இருந்தால், காய்ச்சல் கண்டால், கெட்ட வாடை வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கிளினிக் அட்டையைக் கையோடு எடுங்கள். குளிசையோ கஷாயமோ, எதை, எப்போது குடித்தாள் என்பதை டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். தொழுகையைப் பற்றி என்னிடம் நாளைக்குக் கேட்கலாம்.