கடைக்கு வெளியே ஒரு கொப்பி

சகோதரியே, ஹந்தானையில் வீட்டோடு ஒரு சிறு கடை வைத்திருக்கிறீர்களா? 2018 மார்ச்சை மறந்துவிடாதீர்கள். திகன, அக்குறணைப் பகுதிகளில் நம்மவர் கடைகள் பல தீக்கிரையாயின. கடையோடு கணக்குக் கொப்பியும் எரிந்தால், இழந்ததை எப்படி நிரூபிப்பது?

2020இல் ஊரடங்கு, 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு, 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும். சோதனை ஒவ்வொரு முறையும் வேறு முகத்தோடு வருகிறது.

சரக்குப் பட்டியல், பற்றுச்சீட்டு, கடன் கொப்பி மூன்றுக்கும் பிரதி எடுத்து, வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். வெறும் தீக்காப்புறுதி கலவரச் சேதத்துக்கு உதவாது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மண்சரிவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிடைக்கும் லாபத்தில் சிறிதையாவது கடைக்கென ஒதுக்குங்கள்.

இன்று அஸருக்குப் பின் அலுமாரியைத் திறந்து, அந்தக் காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.