ஆயில் இருக்கு, ஆனா இல்லை

போன வாரம் கோவையிலிருந்து ஒரு தம்பி மடல் போட்டிருந்தான். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிற ஃபார்முலா பாரத் போட்டிக்கு அவங்க கல்லூரியில் கார் கட்டுறாங்களாம். "அண்ணா, வளைவுல ஆயில் பிரஷர் விழுது. டிரை சம்ப் போட்டாத்தான் சரியாகும்னு சொல்றாங்க. அவ்ளோ காசு இல்ல. என்ன பண்றது?"

பதில் எழுத உட்கார்ந்தேன், அது அனுமார் வால் மாதிரி நீண்டு போச்சு. சரி, பதிவாவே போட்டுடலாம். என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன்: டிரை சம்ப் வாங்கக் காசு இல்லாதது பிரச்சினையே இல்லை. ஆயில் எங்கே போகுதுன்னு பார்க்காம விடறதுதான் பிரச்சினை. இதை நான் ஒரு இன்ஜினைக் காவு கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன்.

மெக்கானிக்கல் படிக்காத மக்களுக்காக ஒரு விளக்கம். பந்தியில சாம்பார் வாளி காலியாகிற நேரம் பார்த்திருப்பீங்க. பரிமாறுறவர் வாளியைச் சாய்ச்சு, சாம்பார் ஒதுங்குற பக்கம் கரண்டியை விட்டு அள்ளுவார். எதிர்ப்பக்கம் விட்டா வெறும் வாளியைத்தான் சுரண்டணும். இன்ஜினுக்கு அடியில இருக்கிற ஆயில் சம்ப்தான் அந்த வாளி. பம்ப் உறிஞ்சுற குழாய்தான் கரண்டி, ஆனா அது ஒரே இடத்துல பொருத்தினது, நகராது. கார் வேகமா வளைஞ்சா ஆயில் ஒரு பக்கம் ஏறிக்கும், குழாய் காத்தை உறிஞ்சும். டிப் ஸ்டிக்ல பார்த்தா ஆயில் இருக்கும், பேரிங்குக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

மாணவர் கார்கள்ல இது இன்னும் மோசம். பெட்ரோல் கார் கட்டுற அணிகள் போடுறது பெரும்பாலும் பைக் இன்ஜின். இங்கே ஜெர்மனியில 600 சிசி நாலு சிலிண்டர், நம்ம ஊர்ல கேடிஎம் 390. பைக் வளைவுல சாயும். இன்ஜினும் சேர்ந்து சாயறதால ஆயில் சம்ப்போட அடியிலேயே இருக்கும். தூக்குவாளியை வீசிச் சுத்தினாலும் மோர் கொட்டாது இல்லையா, அதே கதைதான். அதே இன்ஜினை சாயாத நாலு சக்கர வண்டியில வெச்சா, அதை வடிவமைச்சவர் கனவுலயும் நினைக்காத திசையில ஆயில் ஓடும். போதாக்குறைக்கு, புவியீர்ப்பு மையம் கீழே வரணும்னு நாமளே சம்ப்பை வெட்டி ஆழத்தைக் குறைக்கிறோம்.

கணக்கு போட்டே பார்ப்போம். ஸ்கிட்பேட் போட்டியில 18.25 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை நல்ல கார்கள் 5 விநாடி வாக்கில சுத்தும். பக்கவாட்டு முடுக்கம் கிட்டத்தட்ட 1.5 ஜி. அப்போ சம்ப்ல ஆயில் மட்டம் 55 பாகைக்கு மேல சாஞ்சு நிக்கும். ஒரு பக்கம் ரெண்டு சுத்து, ஆக 10 விநாடி. 8000 ஆர்பிஎம்ல இன்ஜின் விநாடிக்கு 133 தடவை சுத்துது. அதுல ரெண்டு விநாடி காத்தை உறிஞ்சினாலே பேரிங்குக்குச் சங்குதான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஹாக்கன்ஹைம்ல நடக்கிற ஃபார்முலா ஸ்டூடண்ட் ஜெர்மனி போட்டியில, ஓட விடறதுக்கு முன்னாடி காரை ஒரு மேடையில ஏத்தி 60 பாகை சாய்ப்பாங்க. ஆயிலோ பெட்ரோலோ ஒழுகக் கூடாது, வண்டி கவிழவும் கூடாது. ஆயில் வெளியே வருதான்னு பார்க்க நடுவர் இருக்கார். உள்ளே போய்ச் சேருதான்னு பார்க்க நாமதான் இருக்கோம்.

நாங்க பார்க்கலை. அந்த வருஷம் கொஞ்சம் காசு மிச்சம் இருந்தது. சம்ப்புக்குத் தடுப்புத் தகடு செய்யணும்னு ஒரு ஜூனியர் பையன் கேட்டான். காசை ரெக்கை அச்சுக்கே கொடுக்கலாம்னு கை தூக்கினவங்கள்ல அடியேனும் ஒருத்தன். ரெக்கை கண்ணுக்குத் தெரியும், ஸ்பான்சர் போட்டோ எடுப்பார். சம்ப் உள்ளே இருக்கிற தகட்டை யார் பார்க்கப் போறா? போட்டிக்கு மூணு வாரம் இருக்கும்போது, சோதனை ஓட்டத்துல ஒரு நீளமான இடது வளைவுல 'டக டக'ன்னு சத்தம். கனெக்டிங் ராட் கிரான்க்கேஸைப் பொத்துக்கிட்டு வந்தது. நெருப்பு பிடிக்காதது எங்க அதிர்ஷ்டம். அதைவிடக் கொடுமை, சம்ப்பைச் செஞ்ச அந்தப் பையனைத்தான் எல்லாரும் முறைச்சாங்க. அவன் ஒண்ணும் சொல்லலை. நானும் வாயைத் திறக்கலை. இன்னிக்கு வரை உறுத்துது.

சரி தம்பி, உன் கேள்விக்கு வர்றேன். கம்மி காசுல ஆரம்பிச்சு வரிசையா செய்.

முதல்ல, சும்மா பாரு. வெளிப்படையான அக்ரிலிக்ல ஒரு மாதிரி சம்ப் ஒட்டு. இன்ஜின் ஓடும்போது பாதி ஆயில் மேலேதான் இருக்கும், அதைக் கழிச்சுட்டு மீதி அளவுக்குச் சாயத் தண்ணி ஊத்து. நாலு பக்கமும் 55 பாகை சாய்ச்சுப் பாரு. அலையடிக்கிறது இதுல தெரியாது, ஆனா குழாய் எந்தப் பக்கம் வறளுதுன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

ரெண்டாவது, பிரஷர் சென்சார். கம்பெனி எச்சரிக்கை விளக்கு அரை பார் அளவுக்கு இறங்கினாத்தான் எரியும். 8000 ஆர்பிஎம்ல அது சாவு மணி. 2 பார்லயே எரியுற மாதிரி ஒரு சுவிட்சும் ஓட்டுநர் மூஞ்சிக்கு நேரா ஒரு சிவப்பு விளக்கும் வை. பிரஷரையும் பக்கவாட்டு முடுக்கத்தையும் ஒரே வரைபடத்துல போட்டுப் பாரு.

மூணாவது, தகடு. குழாயைச் சுத்தி ஒரு அலுமினியப் பெட்டி, சுவர்கள்ல உள்பக்கம் மட்டும் திறக்கிற சின்னக் கதவுகள். ஆயில் உள்ளே வரும், வெளியே போகாது. மேலே ஒரு மூடி. எங்க அடுத்த வருஷ இன்ஜினுக்கு மிச்சத் தகட்டுல செஞ்சோம், செலவு 40 யூரோ. சீசன் முழுக்கத் தாங்குச்சு.

அதுக்கும் அடங்கலைன்னா அக்யூசம்ப். பிரஷர்ல ஆயிலைச் சேமிச்சு வெச்சு, விழும்போது கொடுக்கிற உருளை. நம்ம வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி, கொஞ்ச நேரம்தான் தாங்கும். டிரை சம்ப் கடைசியில. 1963ல அறிமுகமான போர்ஷே 911 ஆரம்பத்திலிருந்தே டிரை சம்ப்தான், அது உசத்தின்னு நான் மறுக்கலை. ஆனா கூடுதல் பம்ப், தொட்டி, ஹோஸ்னு ஒவ்வொண்ணும் ஒழுகறதுக்கு ஒரு புது இடம்.

கெட்டியான ஆயில் ஊத்தினா சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதே. குழாய் காத்தைக் குடிக்கும்போது எந்த கிரேடும் உதவாது. அளவுக்கு மேல ஊத்தறதும் ஆபத்து, கிரான்க் அதைக் கடைஞ்சு நுரையாக்கிடும்.

இன்னொண்ணு. இது உங்க இன்ஜினோட போற விஷயமும் இல்லை. நூர்பர்க்ரிங் 20.8 கிலோமீட்டர் வடக்குச் சுற்றுல டிக்கெட் எடுத்து சொந்த காரை ஓட்டறவங்களைக் கேட்டுப் பாரு. இன்ஜின் வெடிச்சு ரோட்டுல கொட்டற ஆயில்ல வழுக்கி விழறது பின்னால வர்றவன்.

கடைசியா, உங்க அணியில சம்ப் செய்யற பையன் யாரோ, அவன் கேக்கற 40 யூரோவை முதல்ல கொடுத்துடுங்க. ரெக்கை அப்புறம்.