செய்தியாகட்டும் ஊர்க்கலை

திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாக்காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழ்கின்றன. விடிய விடிய ஆடப்படும் கூத்தைப் பற்றி நாளிதழில் வருவதோ பெரும்பாலும் இரண்டே வரிகள்: கூத்து நடைபெற்றது, திரளானோர் கண்டுகளித்தனர். ஆடியவர் யார், ஆடிய கூத்து எது என்னும் குறிப்பு இராது. இதற்குச் செய்தியாளரை மட்டும் குறைகூறுவது முறையன்று. அவருக்கு நாம் என்ன சொன்னோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பல ஊர்களின் நிகழ்வுகளைத் தனியொருவராய்த் திரட்டும் செய்தியாளருக்கு நாம் அனுப்புவது அழைப்பிதழ் மட்டுமே. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எனப் பெயர்கள் நிரம்பிய அவ்விதழில் கூத்தரின் பெயருக்கு இடமிருப்பதில்லை. ‘எங்கள் ஊரில் கூத்து’ என்பது அறிவிப்பு. ‘வழிவழியாக ஆண்களே ஏற்றுவந்த பாஞ்சாலி வேடத்தை இவ்வாண்டு மாணவி ஒருவர் ஏற்கிறார்’ என்றால் அது செய்தி. ‘கற்பிக்க வாத்தியார் இருக்கிறார், கற்க ஒருவரும் இல்லை’ என்பதும் செய்தியே.

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களுக்கும் விடை தரும் அரைப்பக்கக் குறிப்பு போதும். விழா முடிந்தபின் அன்றி, ஒரு வாரம் முன்னதாகவே அது சென்றுசேர வேண்டும். கூத்தரின் இசைவு பெற்று அவருடைய தொலைபேசி எண்ணையும் தரலாம். சான்றில்லாப் பழம்பெருமையைச் சேர்த்தல் ஆகாது.

கலைக்கு விளம்பரம் எதற்கு எனச் சிலர் வினவலாம். விளம்பரம் பணத்தால் பெறுவது. செய்தி, செய்தியாளரின் தேர்வால் அமைவது. ஆதலால் அவருக்குப் பரிசளிப்பதும், அச்சாகுமுன் காட்டுமாறு வற்புறுத்துவதும் தவறு. கூத்தருக்கு நாம் தரும் ஊதியம் குறைவென்று அவர் எழுதினால், அதையும் ஏற்கும் மனம் நமக்கு வேண்டும்.

தெருக்கூத்தைக் கண்டு வியந்த ந. முத்துசாமி அதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்; 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையை நகரத்தார் அறிய அவ்வெழுத்தும் துணைநின்றது. கண்டவர் எடுத்துரைத்தால்தான் காணாதவர் அறிவர்.

நாளிதழின் இன்றைய பக்கம், நாளை ஊர் வரலாற்றை ஆராய்வோருக்குச் சான்றாகும். அதில் விருந்தினர் பெயர்கள் மட்டுமே எஞ்சினால், இரவெல்லாம் ஆடியவர்கள் வரலாற்றில் இல்லாதவர்களாகிவிடுவர். வரும் விழாவில் கூத்தர் ஒருவரோடு உரையாடி, அந்த அரைப்பக்கத்தை மாணவராகிய நீங்களே எழுதியனுப்புங்கள்.